நாற்பத்தாறாம் வயதில் மணிவிழா

“அப்ப நான் எங்க உக்காருறது? அதை மொதல்ல சொல்லு, அம்மிணி.”

“நீங்க எப்பவும் உக்காருற எடத்துலதானுங் மாமா. பெரியவங்க வரிசையில.”

“யாருக்குப் பெரியவன்? எனக்கு வர்ற ஆவணியிலதான் அம்பது. என்ற தம்பிக்கு அறுபதுன்னு பத்திரிகை அடிக்கறே. படிக்கறவன் சிரிக்க மாட்டானா?”

“அவரைப் பார்த்தவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க.”

திருமூர்த்தி டம்ளரைக் கையில் எடுத்தார். காப்பியை ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தார். உடுமலையிலிருந்து முதல் பேருந்தில் கோவைக்கு வந்திருந்தார். ஒரு சாக்குத் தேங்காய், ஒரு தார் செவ்வாழை, முகம் நிறைய வருத்தம். தம்பி பூபதி வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார் என்பது தம்பி மனைவி மேகலாவுக்குத் தெரிந்தே இருந்தது.

அவர் வேறு பக்கமாக வந்தார். பஞ்சாங்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று கேட்டார். அறுபது வருசச் சக்கரம் முழுதாகச் சுற்றி, பிறந்த வருசம் அதே பெயரோடு திரும்பி வர வேண்டும். அப்போதுதான் மணிவிழா. பூபதிக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது. சக்கரம் எங்கே சுற்றியது?

“வெளிய சுத்தலைங் மாமா. அவருக்கு உள்ள சுத்தீருச்சு” என்றாள் மேகலா.

தம்பி போய்வரும் அந்த அறையைப் பற்றித் திருமூர்த்தி அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருந்தார். மேகலா முதலிலிருந்து சொன்னாள். பூபதி வேலை செய்யும் பம்பு நிறுவனத்தில் மூன்றாவது மாடி முழுக்க அவகாச அறைகள். ஒவ்வொன்றும் சின்னப் படுக்கையறை அளவு இருக்கும். மேசை, கட்டில், ஓரமாக ஓர் அடுப்பு, குளிக்க இடம். சன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் உள்ளே ஒரு முழு நாள் ஓடும். வெளியே அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

“உள்ள இருக்கறவனுக்கு?”

“ஒரு நாள் ஆயிருக்குமுங்.”

“வயசு?”

“அதுவுந்தான்.”

அதெப்படி முடியும் என்று அவர் கேட்டார். மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. “எனக்குத் தெரியாதுங் மாமா. அவருக்கே தெரியாது. லிஃப்ட் எப்படி ஏறுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா நாம ஏறறோம்?”

மகள் நிறைமதி கைக்குழந்தையாக இருந்த வருசம் அந்த அறைகள் வந்தன. அதுவரை பூபதி வீட்டுக்கு வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தூக்கப் போனபோது அந்நியரைக் கண்ட மாதிரி வீறிட்டு அழுதது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை வாசலிலேயே நின்றான். மேகலா அன்று சமைத்ததை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நிறுவனத்தில் பலகை மாட்டினார்கள். ‘மாலை உங்களுடையது.’ பூபதி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய், ஒரு நாள் வேலையை முடித்து, தூங்கி எழுந்து, குளித்து, வெளியே வந்தான். கூட வேலை செய்பவர்கள் கை கழுவிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்ததும், யாரோ ஏதோ விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் மேகலா கதவைத் திறந்தாள். கையில் சூடான காளான் பொட்டலத்தோடு பூபதி நின்றான். அவளை அப்படிப் பார்த்தான், வெளியூர் போய்த் திரும்பியவன் மாதிரி.

ஊரே மாறியது. ஐந்து மணிக்குப் பூங்காக்களில் இடம் கிடைக்கவில்லை. இறகுப்பந்து மட்டைகள் கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தன. பள்ளி விழாக்களில் அப்பாக்கள் முன்வரிசையைப் பிடிக்க முண்டியடித்தார்கள். பூபதி மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தான், தலை பின்னக் கற்றுக்கொண்டான், அவள் வகுப்பில் யாருக்கு யாரோடு சண்டை என்பதுவரை தெரிந்துவைத்திருந்தான்.

மற்றவையும் மாறின. அறைக்குள் ஓர் ஆள் இரண்டு ஆள் வேலையை முடித்ததால் இரண்டாவது ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அந்த இரண்டு ஆள் வேலையே ஓர் ஆளின் வேலை என்றானது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பிறந்த வயதோடு வாழ்ந்த வயதையும் கேட்டார்கள். ஓய்வு கொடுப்பதற்கு மட்டும் எல்லா நிறுவனங்களும் பிறந்த வயதையே பார்த்தன.

பூபதி அறைக்குப் போகிறான் என்பது மேகலாவுக்குத் தெரியும். உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறான் என்பது தெரியாது. கேட்டால் ஒரு மணி நேரம், வேலை அதிகமானால் இரண்டு மணி நேரம் என்பான். தலை நரைத்தபோது, அப்பாவுக்கும் இப்படித்தான் சீக்கிரம் நரைத்தது என்றான். நகைக்கடையில் ஒரு பையன் நிறைமதியிடம் தாத்தாவுக்கு நாற்காலி போடட்டுமா என்று கேட்டபோது அவன்தான் முதலில் சிரித்தான். தினமும் பார்க்கிற முகம். அதில் ஏறுகிற வயது கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த வருசம் முட்டி வலி வந்தது. மருத்துவர் எலும்புப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறந்த வயது வேண்டாம், வாழ்ந்த வயதைச் சொல்லுங்கள், அறுபது இருக்குமா என்று கேட்டார். பூபதி சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். ஒரு மணி நேரமும் இல்லை, இரண்டு மணி நேரமும் இல்லை. பதினெட்டு வருசமாக, வேலை நாள் ஒன்று விடாமல், ஒவ்வொரு மத்தியானமும் ஒரு முழு நாள்.

இருவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள், நமக்கு மணிவிழா என்று.

“அதுக்கு விழா எதுக்கு, அம்மிணி? டாக்டர் சொன்னாப் பத்தாதா?” என்றார் திருமூர்த்தி.

“பத்தலைங். சரி சரிங்கறார். மறுநாளே போயி உள்ள உக்காந்துக்கறார். ஊரைக் கூட்டி, மாலை போட்டு, அறுபது அறுபதுன்னு எல்லார் வாயாலயும் சொன்னாத்தான் அவருக்கு ஒறைக்கும். விழா முடிஞ்சா அறையை விட்டுடறேன்னு மதி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கார்.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “இன்னும் பன்னெண்டு வருச வேலை பாக்கி இருக்குதுங் மாமா. இப்படியே போனா, வேலையை விடறப்ப அவருக்கு எம்பது தாண்டியிருக்கும். எனக்கு அம்பத்தஞ்சு. பொறவு நான் யாரோட இருக்கறது?”

அறைக்குப் போகாவிட்டால் வேலை எப்படி முடியும் என்று அவர் கேட்டார். முடியாது, பழையபடி இரவு பத்து மணிக்குத்தான் வருவார் என்றாள். வரட்டும், சாப்பாட்டை மூடி வைக்கிறேன் என்றாள்.

திருமூர்த்தி காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“பத்திரிகையில என்ற பேரை மொதல்ல போடு. அண்ணன்னே போடு.”

தெரு முனைப் பிள்ளையார் கோவில் மண்டபத்தில் விழா. குருக்கள் மறுப்பார் என்று மேகலா பயந்திருந்தாள். அவர் வாழ்ந்த வயதைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் இது சகஜம் என்றார். போன மாதம் ஒருவருக்குச் செய்துவைத்தாராம். அட்சதை போட வந்த மாமனாருக்கே இன்னும் மணிவிழா ஆகவில்லையாம்.

கலச நீரைத் தலையில் ஊற்றினார்கள். பூபதிக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. இரண்டாம் முறையாகத் தாலி கட்டும்போது அவன் விரல்கள் முடிச்சுக்குத் தடுமாறின. முதல் முறையும் இப்படித்தான் தடுமாறினான், அப்போது வெட்கம், இப்போது கண் பார்வை என்று மேகலா காதோடு சொன்னாள். அவன் சிரிப்பில் முடிச்சு இன்னும் நழுவியது. மதுரையிலிருந்து கல்லூரிக்கு விடுப்புப் போட்டு வந்திருந்த நிறைமதி ஓடிவந்து முடிச்சை இறுக்கினாள்.

காலில் விழும் கட்டம் வந்தபோது மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணன் காலில் தம்பி விழுவதா, அறுபது ஆனவர் காலில் ஐம்பது ஆகாதவர் விழுவதா? ஓர் அத்தை, இரண்டு பேரும் சும்மா கைகுலுக்கிக்கொள்ளட்டும் என்றாள். திருமூர்த்தி பட்டு வேட்டியும் முறைப்புமாகப் பெரியவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூபதி யாரையும் பார்க்கவில்லை. நேராக அண்ணன் முன்னால் போய் நின்று, வலிக்கிற முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மடங்க ஆரம்பித்தான்.

திருமூர்த்தி எழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“குனியாதடா. முட்டி வலிக்கும்.”

தன் நாற்காலியில் தம்பியை உட்காரவைத்தார். அட்சதை அவர் கையிலேயே இருந்தது. தம்பியின் நரைத்த தலை, கழுத்தின் தளர்ந்த தோல், கைமேல் எழும்பியிருந்த நரம்புகள். கிட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

“நான் பார்க்காம எப்படா உனக்கு இத்தனை வயசாச்சு?”

“மத்தியானத்துலங்ணா” என்றான் பூபதி. “சாப்பாட்டு நேரத்துல.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திருமூர்த்தியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அட்சதையைப் போட்டுவிட்டு, துண்டால் முகத்தை நன்றாக அழுத்தித் துடைத்துக்கொண்டார். மேகலா சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். அவளும்தான் பார்க்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்துகொண்டு.

பந்தியில் ரெஹானாவின் இலைக்கு மேகலாவே பரிமாறினாள். ரெஹானா பூபதியின் பிரிவில் பல வருசமாக வேலை செய்பவள். எங்கள் வீட்டுச் சாப்பாடு உங்களுக்குப் புதிதில்லையே என்றாள் மேகலா. அவளுக்கு இதில் ஒரு பெருமை இருந்தது. அறை வந்த புதிதில் இரண்டு அடுக்காக இருந்த பூபதியின் டிபன் கேரியர் சீக்கிரமே நான்கு அடுக்கானது. உன் கொழம்புக்கு ஆபீஸில் ஒரு கூட்டமே காத்திருக்கிறது, எல்லோரும் கை நனைக்கிறார்கள் என்பான். காலையில் எழுந்து கை வலிக்க அரைக்கும்போதெல்லாம் அந்தக் கூட்டம் அவள் கண்முன் வரும். யாருக்கோ காரம் பிடிக்கும், யாருக்கோ பிடிக்காது என்று அவளாகவே முகங்கள் வைத்திருந்தாள்.

ரெஹானா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“இல்லீங்க்கா. உங்க கொழம்பை நாங்க கண்ணால பார்த்ததே இல்லை. அவரு கேரியரோட உள்ள போயிடுவாரு. உள்ள ஒரு நாள்ல மூணு வேளைல்ல? கம்பெனி பொட்டலம் குடுக்கும், நாங்க அதைத்தான் சாப்பிடுவோம். நானெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை போறதுக்கே அழுதுக்கிட்டுப் போவேன். அவரு தெனம் போவாரு.”

மேகலா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து அவளிடம் ஒன்று கேட்டாள். ரெஹானா யோசித்து, இருக்கிறது என்று தலையாட்டினாள்.

மாலையில் கூட்டம் கலைந்தது. பெரியப்பாவைப் பேருந்து ஏற்றிவிடக் கிளம்பிய நிறைமதி, வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா எனக்கு ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்லம்மா. அதுக்கு இவ்வளவு ஆகும்னு தெரிஞ்சிருந்தா, லேட்டாவே வாங்கப்பான்னு நானே சொல்லியிருப்பேன்.”

பூபதி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தான். மாலையைக் கழற்றிய இடத்தில் கழுத்து சிவந்திருந்தது. மேகலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. தெருவில் பிள்ளைகளும் அப்பாக்களும் பந்தடிக்கும் சத்தம் கேட்டது.

கேரியரைப் பற்றி அவள் கேட்டபோது அவன் மறுக்கவில்லை. “தனியாச் சாப்பிடறேன்னு சொன்னா நீ வருத்தப்படுவே. கூட்டம்னு சொன்னா சந்தோசமாக் கொஞ்சம் சேர்த்து வெப்பே” என்றான். அடுப்பில் சூடு பண்ணி மூன்று வேளையும் அதையேதான் சாப்பிட்டானாம். மூன்றாவது வேளைக்குப் புளிக்குழம்புதான் நன்றாக இருக்குமாம். கூட்டு தாங்காதாம்.

வேலை முடிந்தாலும் ஒரு நாள் முடியாமல் கதவு திறக்காது என்றான். மிச்ச நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

“பேசுவேன்.”

“யாருகிட்ட? உள்ளதான் யாருமில்லையே.”

“உன்கிட்டத்தான். மேசைக்கு எதுத்தாப்புல நீ உக்காந்திருக்கற மாதிரி நெனச்சுக்குவேன். எல்லாத்தையும் சொல்லுவேன். சாயங்காலம் வந்து, அதான் அன்னைக்கே சொன்னனேம்பேன். நீ எப்பச் சொன்னீங்கன்னு சண்டைக்கு வருவே.”

மேகலாவுக்கு அந்தச் சண்டைகள் ஒவ்வொன்றாக நினைவு வந்தன. தண்ணீர்க் குழாய் மாற்றியது, ஊட்டி பயணம், மதியை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது. சத்தியமாகச் சொன்னேன் என்று அவன் சாதிப்பான். பொய் சொல்கிறான் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் பொய் சொல்லவில்லை. சொல்லித்தான் இருக்கிறான்.

“சண்டை போட்டா உங்களுக்குக் கோவமே நிக்காதே. அது எப்படின்னு நான் ஆச்சரியப்படுவேன்” என்றாள்.

“நீ காலையில திட்டி அனுப்புவே. உனக்குச் சாயங்காலம் வரைக்கும் அது சூடாவே இருக்கும். எனக்கு நடுவுல ஒரு நாள் போயிருக்கும், கண்ணு. எதுக்குச் சண்டைன்னே மறந்துருக்கும். கதவு தெறந்தா வீட்டுக்குப் போகலாம்னு மட்டுந்தான் இருக்கும்.”

அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதினெட்டு வருசத்தில் ஒரு மாலையும் அவன் இல்லாமல் போனதில்லை. அவளுடைய மாலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக இருந்தன. அவனுடையவை அப்படி இல்லை. ஒவ்வொரு மாலைக்கும் அடுத்த மாலைக்கும் நடுவில் சன்னல் இல்லாத ஒரு நாள். அவற்றை ஒன்றாகச் சேர்த்தால் மகளின் பள்ளிக் காலத்தைவிடப் பெரிது. அத்தனை காலமும் எதிரில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழுந்ததில்லை.

“நாளைக்கு அறைக்குள்ள போற அட்டையைத் திருப்பிக் குடுத்துருவேன்” என்றான் பூபதி. “பயப்படாதே. சத்தியம் சத்தியந்தான். மேலாளர்கிட்டச் சொல்லிட்டேன். என்னைக் கீழ் மாடிக்கு மாத்தறாங்களாம். சம்பளம் கொறையும், பத்து மணியும் ஆகும். நீ தூங்கிடு, எனக்காக முழிச்சிருக்காதே.”

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே, வாயோரத்தில், நெற்றியில் எத்தனையோ கோடுகள். எது விழும்போதும் அவள் பக்கத்தில் இல்லை.

“அட்டையைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள போகலாமுங்களா?”

பூபதி சட்டென்று திரும்பினான். “நீயா இதைக் கேக்கறே? இதுக்கா ஊரைக் கூட்டி, தலையில தண்ணி ஊத்தி, சத்தியம் வாங்கினே?”

“வேலைக்கு இல்லீங். கம்ப்யூட்டர் வெளியவே இருக்கட்டும். ரெஹானாகிட்டக் கேட்டுட்டேன், ரெண்டு பேருக்கு எடம் இருக்குதாம்.” அவள் அவன் விரல்களை விடவில்லை. “உங்களுக்கு வயசானதுல ஒரு நாளாவது நான் கூட இருந்து பார்க்கறேன். எதுத்தாப்புல உக்காந்துக்கறேன், பழசெல்லாம் மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லுங்க. எனக்கும் அந்த ஒரு நாள் வயசாகட்டும். என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?”